மலையகத்தில் சாப்பாட்டுக் கடை போடும் முன்

கொழும்பில் கடை கடையாக நின்று தொழில் படித்தவர்கள், சேர்த்த காசோடு ஊருக்குத் திரும்பி ஹற்றனிலோ பண்டாரவளையிலோ சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை போடுவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். தோட்டத்துக்குள்ளேயே ரொட்டியும் வடையும் சுட்டு விற்கத் தொடங்கும் அக்காமாரும் இருக்கிறார்கள். சமையல் கைவசம் இருக்கிறது, வியாபாரமும் தெரியும். சட்டம் மட்டும், பீ.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் தெரியவருகிறது. அதற்குள் சுவர் எழும்பி, டைல் ஒட்டி, கையிலிருந்த முதலும் முடிந்திருக்கும். சில்லறைச் சாமான் கடை, பேக்கரி, தேத்தண்ணிக் கடை என்று உணவு விற்கும் எந்தக் கடைக்கும் இதே கதைதான். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த வரிசையில் போக வேண்டும், எங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். மனிதர் சாப்பிடத் தகாத, கெட்டுப்போன, கலப்படம் செய்த, உடம்புக்குக் கேடான உணவை விற்பது மட்டுமல்ல, விற்பதற்காக வைத்திருப்பதும் குற்றம். பழுதான சாமானைக் கடையின் பின்பக்கம் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, “அது விற்பதற்கல்ல” என்று பிறகு சொல்லிச் சமாளிப்பது கஷ்டம். திருப்பி அனுப்ப வேண்டியதைத் தனியாக வைத்து, மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள்தான் கடையின் சுத்தம், இடத்தின் பதிவு, லேபல், போத்தல் பானத்தின் சீனி அளவுக்கான நிற அடையாளம் எல்லாவற்றையும் சொல்கின்றன. அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் கடைக்குள் வரலாம், பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், கெட்டதைக் கைப்பற்றலாம். வழக்கு என்று வந்தால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

முதலில் இடமும் கடதாசியும்

இடம் பார்த்தவுடன், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள். எம்.ஓ.எச். ஒபிஸ் என்று கேட்டால் எல்லாரும் காட்டுவார்கள். அங்கே உங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, “இந்த இடத்தில் இப்படி ஒரு கடை போட நினைக்கிறேன், என்னென்ன இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். குசினி எங்கே, கை கழுவும் இடம் எங்கே, கழிவுநீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு தாளில் கோடு போட்டுக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. பீ.எச்.ஐ. என்றால் பயந்து ஒளிகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தொடங்கும் முன் அவரிடம் கேட்பதற்குக் காசு செலவில்லை. கட்டி முடித்த பிறகு அவர் சொல்லி இடிப்பதற்குத்தான் செலவு.

கட்டடமே புதிதாக எழுப்புவதென்றால், நுவரெலியா, பதுளை போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும் கேட்பார்கள். சரிவை வெட்டி கடை போடும் ஊர் இது. அந்தக் கடதாசியை வெறும் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம்.

அடுத்து வியாபாரப் பெயர்ப் பதிவு. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் வாங்கி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு கொடுக்க வேண்டும். அப்புறம் வியாபார அனுமதிப்பத்திரம். இதைத் தருவது உள்ளூராட்சி மன்றம். நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்றால் மாநகர சபை. ஹற்றன் டவுன், தலவாக்கலை, ஹப்புத்தளைக்கு நகர சபை. மற்ற இடங்களுக்குப் பிரதேச சபை. 2018 தேர்தலோடு நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகள் வந்துவிட்டன. பழைய ஞாபகத்தில் அம்பகமுவவுக்கு அலையாமல், உங்கள் இடம் இப்போது எந்தச் சபைக்குள் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிப்பத்திரம் அந்த வருடத்துக்குத்தான். ஜனவரியில் மறுபடி புதுப்பிக்க வேண்டும். இதோடு, உணவு கையாளும் இடம் என்ற வகையில் உணவுச் சட்டத்தின் கீழும் கடையைப் பதிய வேண்டும். அந்த விண்ணப்பமும் எம்.ஓ.எச். பணிமனை வழியாகத்தான். இறைச்சி விற்பதென்றால் அதற்குத் தனி அனுமதி.

தோட்டத்துக்குள் கடை போடுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. காணி அரசாங்கத்துடையது, கம்பனியின் குத்தகையில் இருக்கிறது, கையில் காணி உறுதி இல்லை, பலருக்கு வீட்டு இலக்கம்கூடக் கிடையாது. சபையிலே இடத்தின் உரிமைக்கு ஆதாரம் கேட்கும்போது மனம் உடைந்து, பதிவே வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார்கள். தோட்ட நிர்வாகத்திடம், இந்த இடத்தில் கடை நடத்த ஆட்சேபனை இல்லை என்று எழுத்தில் கடிதம் வாங்குங்கள். துரை வாய்ச்சொல்லில் “சரி” என்றது ஆள் மாறினால் செல்லாது. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றையும் அதோடு வைத்துச் சபைச் செயலாளரிடம் நேரே பேசுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் தந்தால் தமிழில் கேளுங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

சிவனொளிபாதமலை சீசனுக்கு நல்லதண்ணியிலும், ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவிலும் தற்காலிகக் கடை போடுபவர்களும் அனுமதி எடுக்கத்தான் வேண்டும். நாலு தகரம் அடித்த கடைதானே என்று யாரும் விடமாட்டார்கள். கூட்டம் சேரும் இடத்தில் ஒரு சட்டி கறி பழுதானாலும் எத்தனை பேரைப் படுக்கவைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர்

மலையில் தண்ணீருக்குக் குறைவில்லை என்று சொல்வோம். பீலியில் விழுகிற தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். ஆனால் அந்தப் பீலிக்கு மேலே ஒரு லயம் இருக்கலாம், அந்த லயத்தின் மலசலகூடக் குழி இருக்கலாம், மருந்தடித்த தேயிலை மலை இருக்கலாம். நெருப்புக்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் பரவுவது இந்த வழியில்தான். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சபையின் குழாய்த் தண்ணீரோ நீர் வழங்கல் சபையின் தண்ணீரோ இல்லாத இடத்தில், பாவிக்கப்போகும் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். மாதிரி எடுப்பது எப்படி, எங்கே அனுப்புவது என்று பீ.எச்.ஐ. சொல்வார். வெறும் போத்தலில் பிடித்துக்கொண்டு போனால் சரிவராது. கிருமியழித்த போத்தல் வேண்டும், குளிராக வைத்து வேகமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். டேங்கை மூடி வையுங்கள், காலத்துக்குக் காலம் இறக்கித் தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் எவ்வளவு போடுவது என்பதை டேங்கின் லீற்றர் கணக்குச் சொல்லிக் கேட்டு, அதே அளவில் போடுங்கள். கைமதிப்பு வேண்டாம். குடிக்க வைக்கும் தண்ணீர் எப்படியும் கொதித்தாறியதாக இருக்கட்டும்.

கழிவுநீரும் இதே கதைதான். கடை மேட்டில் இருந்தால், நீங்கள் கழுவி ஊற்றுவது கீழே இருக்கும் லயத்தின் பீலிக்கோ ஓடைக்கோதான் போய்ச் சேரும். சட்டி கழுவும் தண்ணீர் கொழுப்பை வடிக்கும் ஒரு தொட்டி வழியாகப் போய், மூடிய குழியில் விழ வேண்டும். ரோட்டுக் கானுக்குள் குழாயை விட்டுவிடுவது எளிதான வேலை. வழக்குக்கும் அதுவே எளிதான காரணம்.

மலைக்குளிர் பிரிஜ் அல்ல

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். “இங்கே குளிர்தானே, ஒன்றும் கெடாது” என்ற பேச்சு மலையகக் குசினிகளில் ஊறிப்போன ஒன்று. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். ஹற்றனும் பண்டாரவளையும் அதைவிடச் சூடு. கிருமிகள் பெருகும் எல்லையோ 5 பாகையிலிருந்து 60 பாகை வரை. நமக்கு ஸ்வெட்டர் போடத் தோன்றுகிற குளிரில் கிருமி நிதானமாகப் பெருகிக்கொண்டுதான் இருக்கும். அதிலும் குசினிக்குள், அடுப்புப் பக்கத்தில், வெளியிலிருக்கும் குளிருக்கு என்ன வேலை?

கொத்துக் கடைகளில் நடப்பதைப் பாருங்கள். ராத்திரி மிஞ்சிய சோற்றைப் பெரிய சட்டியில் அப்படியே மூடி மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த நாள் பிரைட் ரைஸ் போட. காலையில் மூடியைத் திறந்து மேற்சோற்றைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். கையை நடுவே விட்டுப் பாருங்கள், இன்னும் இளஞ்சூடு இருக்கும். அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் இருக்கும். சோறு வேகும்போது அவை சாவதில்லை. அந்த இளஞ்சூட்டில் முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சை விடுகின்றன. காலையில் தாச்சியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்டவர் சில மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுப்பார். எண்ணெய் கூடிப்போச்சு என்று நினைத்துக்கொள்வார். எண்ணெயில் பிழையில்லை.

செய்ய வேண்டியது சிரமமில்லை. மிஞ்சிய சோற்றை அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிஜ்ஜில் வையுங்கள். கறியையும் சின்னச் சட்டிகளாகப் பிரித்தே ஆற வையுங்கள். பிரிஜ் 5 பாகைக்குக் கீழே, பிரீசர் கழித்தல் 18 பாகையில் இருக்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மறுபடி சூடாக்கும்போது ஆவி பறக்க, நடுப்பகுதி 75 பாகை வரும் வரை சூடாக்கி, அன்றைக்கே முடியுங்கள். இரண்டாம் தடவை சூடாக்க வேண்டாம். பகல் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்த கறிகள் 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். கரண்ட் போனால் பிரிஜ் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நாலு மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் இறைச்சி, மீன், பால் சாமானை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். மனம் வராதுதான்.

உயரத்தால் வரும் இன்னொரு விசயமும் உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். ஆனால் கோழியும் பருப்பும் வேக, கொழும்பில் பழகிய கணக்கைவிடக் கூட நேரம் எடுக்கும். கொழும்புக் கடையில் படித்த கை, கொதி பார்த்து இறக்கிவிடும். எலும்போரம் இரத்தம் இருக்கிறதா என்று ஒரு துண்டைப் பிய்த்துப் பாருங்கள்.

மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலிலிருந்து தூரத்தில் இருப்பவர்கள் நாம். நீர்கொழும்பிலோ திருகோணமலையிலோ ஏறிய மீன் பல கை மாறித்தான் இங்கே வருகிறது. கெலவல்லா, பலயா, கும்பளா, சாளை போன்ற மீன்கள் வழியில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் மீனின் உடம்பில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வாய் எரிந்து, முகம் சிவந்து, உடம்பு தடித்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், புளி எவ்வளவு விட்டாலும் அது போகாது. வாங்கும்போது செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் குழி விழாமல் எழும்புகிறதா, பெட்டிக்குள் ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ் கரைந்து வெறும் தண்ணீரில் மிதக்கும் மீனை, விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.

கடைக்குள் நிற்பவர்கள்

சமைப்பவரும் பரிமாறுபவரும் வைத்தியப் பரிசோதனை செய்து சான்று வைத்திருக்க வேண்டும். நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி மூன்று வருடத்துக்கு ஒருதடவை போட வேண்டும். எங்கே, எப்போது போடுவார்கள் என்று எம்.ஓ.எச். பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். வயிற்றோட்டம், வாந்தி, மஞ்சள் காமாலை உள்ளவரைக் குசினிக்குள் விடவே கூடாது. இங்கே முதலாளியின் மனசாட்சியும் வேலை செய்ய வேண்டும். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் சம்பளத்தை வெட்டுகிற கடையில், எந்தப் பையனும் வயிற்றுப் பிரச்சினையைச் சொல்லமாட்டான். நோய் என்றால் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அதைவிடப் பெரிய சுகாதார ஏற்பாடு கிடையாது.

கை கழுவ, சட்டி கழுவும் தொட்டியிலிருந்து வேறாக, சவர்க்காரத்தோடு ஒரு இடம் இருக்கட்டும். தலைமுடியை மூடுவது, நகம் வெட்டுவது, வெட்டுக்காயத்துக்கு நீர் புகாத பிளாஸ்டர், குசினிக்குள் வெற்றிலையும் சிகரட்டும் இல்லை என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையுறை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரொட்டியைப் புரட்டிய கையுறையோடு காசு வாங்கி, மிச்சம் கொடுத்து, மறுபடி ரொட்டியைத் தொடுவதற்கு வெறுங்கையே மேல். காசு வாங்க ஒரு ஆள், சாப்பாடு எடுக்க ஒரு ஆள். ஒரே ஆள்தான் என்றால் இடுக்கி பாவியுங்கள்.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. முன்பு பதினாலாக இருந்த எல்லை 2021இல் பதினாறாக்கப்பட்டது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக் கடைகளில் தட்டுக் கழுவிய கதை நம் எல்லார் குடும்பத்திலும் இருக்கிறது. அந்தக் கதையை நம் கடையிலேயே நாம் தொடரக் கூடாது.

சாமான் கடைக்காரருக்கு

லேபலில் பெயர், உள்ளடக்கம், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரித்தவர் முகவரி இருக்கிறதா என்று சாமான் இறக்கும்போதே பாருங்கள். பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு. சாக்கில் வந்த மிளகாய்த்தூளையோ பருப்பையோ முன்கூட்டியே சின்னப் பைகளில் கட்டி வைத்தால் அந்தப் பைக்கும் லேபல் வேண்டும். அயடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க முடியாது. வாங்கிய எல்லாவற்றுக்கும் பில்லைப் பத்திரமாக வையுங்கள். சாமானில் கலப்படம் என்று வந்தால், எங்கிருந்து வந்தது என்று காட்ட அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒன்று தேயிலைத் தூள். பில் இல்லாமல் மலிவாக மூட்டையில் வருவது கழிவுத் தேயிலையாக இருக்கலாம். கழிவுத் தேயிலை வியாபாரத்துக்குத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும். அதைக் கடைத் தேத்தண்ணியில் போடுவது ஆபத்து, கௌரவக் குறைவும்கூட. உலகத்துக்கே தேயிலை கொடுக்கிற மலையில் நம் ஆட்களுக்குக் குப்பையை ஊற்றிக் கொடுக்கலாமா?

மண்ணெண்ணெய், சவர்க்காரம், கொசுவர்த்தி எல்லாம் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கிருமிநாசினி, களைநாசினி விற்கத் தனி அனுமதி வேண்டும், உணவோடு சேர்த்து வைக்கவே கூடாது. அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பவர்களை எந்த வார்த்தையால் கண்டித்தாலும் போதாது. மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள். எலிப்புழுக்கை கிடப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

வடையையும் ரொட்டியையும் பழைய பத்திரிகையிலும் பிள்ளைகளின் கொப்பித் தாளிலும் சுற்றிக் கொடுப்பதை நிறுத்துங்கள். எண்ணெயில் மை கரைந்து வடையில் நீலமாக ஒட்டியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரிஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதலே தடை. வாழையிலை நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

சிகரட்டை 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. வாசனையும் நிறமும் சேர்த்த மெல்லும் புகையிலைப் பைக்கற்றுகள் 2016இல் தடைசெய்யப்பட்டவை. விலைப்பட்டியலைத் தெரியும்படி தொங்கவிடுங்கள். குறித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். நுகர்வோர் முறைப்பாட்டு இலக்கம் 1977 எல்லாருக்கும் தெரியும். தராசுக்கும் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை வேண்டும்.

பரிசோதனை வரும் நாளில்

பீ.எச்.ஐ. எச் 800 என்ற படிவத்தை வைத்து, கட்டடம், தண்ணீர், சமையல், சேமிப்பு, ஆட்களின் சுத்தம் என்று பார்த்துப் புள்ளி போடுவார். கடைசியில் ஏ, பீ, சீ, டீ என்று ஒரு தரம் வரும். அந்தப் படிவத்தைத் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கி, மாதம் ஒருதடவை நீங்களே உங்கள் கடைக்குப் புள்ளி போட்டுப் பாருங்கள். குறை சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். என்ன குறை, எத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். திருத்தியதும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். தேத்தண்ணியும் பார்சலும் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அது லஞ்சம்.

ஒருவர் வந்து, “நேற்று உங்கள் கடையில் சாப்பிட்டுத்தான் வயிறு கெட்டது” என்று சொன்னால் விரட்டாதீர்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். அந்தச் சாப்பாட்டை விற்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். ஆனால் கொட்டிவிடாதீர்கள். மூடி, திகதி எழுதி பிரிஜ்ஜில் தனியாக வையுங்கள், பரிசோதிக்கத் தேவைப்படும். இரண்டாவது ஆளும் அதையே சொன்னால் பீ.எச்.ஐ. கேள்விப்பட்டு வரும் வரை காத்திருக்காமல் நீங்களே அவருக்கு அழைப்பெடுங்கள்.